கோரிலேஷனா, ரெக்ரஷனா? விளையாட்டு அறிவியல் தரவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உடற்கல்வி ஆய்வேடுகளைப் புரட்டுகிறவர்களுக்கு நன்கு பழகிய தலைப்பு ஒன்று உண்டு: "கல்லூரி வாலிபால் வீரர்களின் கால் பலத்துக்கும் செங்குத்துக் குதிப்புக்கும் உள்ள தொடர்பு". உள்ளே ஒரு கோரிலேஷன் அட்டவணை இருக்கும், சில எண்களின் தலையில் நட்சத்திரக் குறி, அதாவது வெறும் தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்ற அடையாளம். அடுத்த பக்கத்தில் அதே இரண்டு மாறிகளை வைத்து ஒரு ரெக்ரஷன் அட்டவணை, அங்கேயும் அதே நட்சத்திரம். "இரண்டு முறைகளிலும் முடிவு ஒன்றாக வந்ததால் தொடர்பு உறுதியாகிறது" என்று ஒரு வரி எழுதி அத்தியாயத்தை முடித்திருப்பார்கள். உண்மையில் அங்கே எதுவும் உறுதியாகவில்லை. ஒரே கணக்கை இரண்டு தடவை அச்சடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பாடப்புத்தகம் ஒட்டுறவு, தொடர்புப் போக்கு என்று சொல்லும் இவற்றைக் கல்லூரியிலும் ஆய்வகத்திலும் புழங்குகிறபடி கோரிலேஷன், ரெக்ரஷன் என்றே இங்கே எழுதுகிறேன். இரண்டு மாறிகள் மட்டும் இருக்கும்போது இரண்டுக்கும் பின்னால் ஓடும் சோதனை ஒன்றுதான். வித்தியாசம் கையில் கிடைக்கும் பொருளில் இருக்கிறது. கோரிலேஷன் தருவது, இரண்டு மாறிகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதை −1 முதல் +1 வரை காட்டும் அலகில்லாத ஓர் எண். ரெக்ரஷன் தருவது நொடியிலும் சென்டிமீட்டரிலும் பேசும் ஒரு கோடு, கூடவே அந்தக் கோடு எவ்வளவு தவறும் என்ற கணக்கு. பயிற்சியாளரிடம் போய்ச் சொல்லக்கூடியது பெரும்பாலும் இரண்டாவதுதான் என்பது என் கருத்து. அது ஏன் என்று எண்களை வைத்தே பார்க்கலாம்.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். நம் துறையில் வரும் கேள்விகள் அநேகமாக மூன்று வகைக்குள் அடங்கிவிடும்.

"கைப்பிடி பலம் அதிகமுள்ள வீராங்கனைகளுக்கு முதுகுப் பலமும் அதிகமாக இருக்கிறதா?" இதில் எது காரணம், எது விளைவு என்ற பேச்சு இல்லை. இரண்டும் சம அந்தஸ்து. இதற்குக் கோரிலேஷன் போதும்.

"12 நிமிட ஓட்டத்தில் கடந்த தூரத்தை வைத்து, ஆய்வகத்துக்குப் போகாமலே ஒருவரின் அதிகபட்ச ஆக்ஸிஜன் உள்ளெடுப்பை (உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய உச்ச அளவு ஆக்ஸிஜன்) சொல்ல முடியுமா? எவ்வளவு தவறும்?" ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணிக்கிறோம். இங்கே ரெக்ரஷன் இல்லாமல் பதிலே இல்லை.

"புதிதாக வாங்கிய கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பும் மார்புப் பட்டை காட்டும் துடிப்பும் ஒத்துப்போகின்றனவா?" இதற்கு இரண்டுமே பொருந்தாது. படி 8-இல் வருகிறேன்.

வாக்கியத்தில் "எவ்வளவு" என்ற சொல் வந்துவிட்டால் ரெக்ரஷன் பக்கம் போங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 2: முதலில் படம் வரையுங்கள்

1973-இல் ஃபிரான்சிஸ் அன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு சிறிய தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். நான்கிலும் கோரிலேஷன் கெழு சுமார் 0.816, ரெக்ரஷன் கோடும் ஒன்றேதான். படமாக வரைந்தால் ஒன்று சாதாரண சிதறல், இன்னொன்று வளைகோடு, மூன்றாவதில் ஒரே ஒரு புள்ளி நேர்கோட்டை இழுத்து வைத்திருக்கிறது, நான்காவதில் ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் கோடே இல்லை. எண்ணை மட்டும் பார்த்தவருக்கு நான்கும் ஒன்று.

விளையாட்டுத் தரவில் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம், புள்ளிகள் இரண்டு கும்பலாகப் பிரிந்து நிற்கின்றனவா என்பது. ஆண்களையும் பெண்களையும் ஒரே தாளில் போட்டால் உயரம், எடை, பலம், வேகம் எல்லாவற்றிலும் இரண்டு கும்பல் தனித்தனியே நிற்கும். ஒவ்வொரு கும்பலுக்குள்ளும் தொடர்பே இல்லாவிட்டாலும், சேர்த்துப் பார்த்தால் கோரிலேஷன் பிரமாதமாக வந்துவிடும். 12 வயதுப் பையனையும் 17 வயதுப் பையனையும் கலந்தாலும் இதே கதை. அங்கே வளர்ச்சிதான் இரண்டு எண்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டிருக்கும். புள்ளிகளுக்குக் குழுவாரியாக நிறம் கொடுத்து வரைந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தரவு மணி வடிவில், அதாவது நார்மலாகப் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் ஷபீரோ-வில்க் சோதனையை இரண்டு மாறிகளின் மேலும் ஓட்டி, "நார்மல் இல்லை, ஆகவே ரெக்ரஷன் செய்யக்கூடாது" என்று சொல்பவர்களும் உண்டு. ரெக்ரஷன் கேட்பது எச்சங்கள் (ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து விலகும் அளவு) ஓரளவு நார்மலாக இருக்க வேண்டும், கோட்டின் நெடுகிலும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் சிதற வேண்டும் என்பதைத்தான். கிடை அச்சில் உள்ள மாறி எந்த வடிவத்தில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. தரவரிசை போன்றவை வந்தாலோ, தொடர்பு ஒரே திசையில் போனாலும் வளைந்து போனாலோ, வரிசை எண்களை வைத்துக் கணக்கிடும் ஸ்பியர்மன் கெழுவை எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: ஒரே தரவில் இரண்டையும் செய்து பாருங்கள்

கீழே பத்து வீரர்களின் செங்குத்துக் குதிப்பு உயரமும் 30 மீட்டர் ஓட்ட நேரமும் இருக்கின்றன. பயிற்சிக்காக அமைத்த எண்கள் இவை, எந்த அணியிலும் அளந்தவை கிடையாது. கையாலேயே கணக்குப் போடுவதற்கு வசதியாக வைத்திருக்கிறேன்.

குதிப்பு (செ.மீ.): 30, 32, 34, 35, 36, 38, 39, 40, 42, 44
நேரம் (நொடி): 4.56, 4.42, 4.60, 4.32, 4.52, 4.46, 4.30, 4.42, 4.18, 4.22

குதிப்பின் சராசரி 37 செ.மீ., நேரத்தின் சராசரி 4.40 நொடி. ஒவ்வொரு வீரருக்கும் சராசரியிலிருந்து உள்ள விலகலை எடுத்து மூன்று கூட்டல்கள் போடுங்கள். குதிப்பு விலகல்களின் வர்க்கக் கூட்டல் 176. நேர விலகல்களின் வர்க்கக் கூட்டல் 0.1816. இரண்டு விலகல்களையும் பெருக்கிக் கூட்டினால் −4.22.

கோரிலேஷனுக்கு −4.22-ஐ, 176-ஐயும் 0.1816-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த 5.653-ஆல் வகுக்க வேண்டும். கோரிலேஷன் கெழு, அதாவது ஆர் மதிப்பு, −0.75 என்று வரும். உயரமாகக் குதிப்பவர்கள் குறைந்த நேரத்தில் ஓடுகிறார்கள், அதனால்தான் எதிர்க்குறி.

ரெக்ரஷனுக்கு அதே −4.22-ஐ வெறும் 176-ஆல் வகுத்தால் போதும். சாய்வு −0.024. கோடு இப்படி அமையும்:

ஓட்ட நேரம் = 5.287 − (0.024 × குதிப்பு உயரம்)

ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகக் குதிக்கும் வீரர் சராசரியாக 0.024 நொடி முன்னால் வருகிறார். 5 செ.மீ. என்றால் 0.12 நொடி. 30 மீட்டர் கோட்டைத் தாண்டும் வேகத்தில் அது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் இடைவெளி. இதுவே "−0.75" என்று சொன்னால் கோச்சுக்கு என்ன புரியும்?

படி 4: இரண்டு சோதனைகளும் ஒன்றே என்பதைச் சரிபாருங்கள்

"தொடர்பு பூச்சியமா?" என்று ஆர் மதிப்பைச் சோதிக்க, ஆர்-ஐ எட்டின் வர்க்கமூலத்தால் பெருக்கி (பத்துப் பேரில் இரண்டைக் கழித்தது எட்டு), ஒன்றிலிருந்து ஆர் ஸ்கொயரை (ஆர்-இன் வர்க்கம்) கழித்ததன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். டி மதிப்பு −3.17.

"சாய்வு பூச்சியமா?" என்று சோதிக்க, சாய்வை அதன் திட்டப் பிழையான, அதாவது மாதிரிக்கு மாதிரி அது எவ்வளவு மாறக்கூடும் என்ற அளவான 0.00756-ஆல் வகுக்க வேண்டும். வருவது அதே −3.17. இரண்டிலும் பி மதிப்பு, அதாவது உண்மையில் தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய எண் வரும் வாய்ப்பு, சுமார் 0.013. தற்செயலாக இப்படி வரவில்லை. இரண்டு மாறிகள் மட்டும் இருக்கும் எந்தத் தரவை எடுத்தாலும் இது இப்படித்தான் வரும். சாய்வு என்பதே ஆர் மதிப்பை நேரத்தின் திட்ட விலக்கத்தால் (சராசரியைச் சுற்றி எண்கள் சிதறும் அளவு) பெருக்கி, குதிப்பின் திட்ட விலக்கத்தால் வகுத்ததுதான்.

எனவே "கோரிலேஷன் சிக்னிஃபிகன்ட், ரெக்ரஷனும் சிக்னிஃபிகன்ட்" என்று தனித்தனியே எழுதாதீர்கள். வைவாவில் விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்த வரியில்தான் பிடிப்பார்.

பி மதிப்போடு நின்றுவிடாமல், உண்மையான மதிப்பு எங்கிருந்து எங்கே வரை இருக்கலாம் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளியையும் எடுங்கள். ஃபிஷர் உருமாற்றம் வழியாகப் போட்டால் நம் ஆர் மதிப்பின் 95% இடைவெளி −0.94 முதல் −0.22 வரை போகிறது. மிக வலுவான தொடர்பிலிருந்து பலவீனமான தொடர்பு வரை எதுவாகவும் இருக்கலாம் என்று அர்த்தம். பத்துப் பேரை வைத்துக்கொண்டு "வலுவான தொடர்பு கண்டறியப்பட்டது" என்று எழுதத் துணியும் முன் இந்த இரண்டு எண்களையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

படி 5: கோடு எவ்வளவு தவறுகிறது என்று பாருங்கள்

ரெக்ரஷனின் அசல் பலன் இங்கேதான் இருக்கிறது. பலர் மென்பொருள் தரும் அட்டவணையில் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மதிப்பீட்டின் திட்டப் பிழை என்று ஓர் எண் வரும். நம் தரவில் அது 0.10 நொடி. கோடு சொல்லும் நேரத்துக்கும் வீரர் உண்மையில் ஓடிய நேரத்துக்கும் உள்ள இடைவெளி மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இந்த அளவுக்குள் இருக்கும் என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது 34 செ.மீ. குதித்தவரையும் 35 செ.மீ. குதித்தவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோட்டின்படி இருவருக்கும் 0.024 நொடிதான் வித்தியாசம் இருக்க வேண்டும். முதலாமவர் ஓடியது 4.60, இரண்டாமவர் 4.32. இடைவெளி 0.28 நொடி. குதிப்பு இவர்களைப் பற்றி எதையுமே சொல்லவில்லை. நான் பயிற்சியாளராக இருந்தால் அந்த 4.60 வீரரின் ஸ்டார்ட்டையும் முதல் பத்து மீட்டரையும்தான் போய்ப் பார்ப்பேன். கோட்டை விட்டு விலகி நிற்கும் புள்ளி பல நேரம் கோட்டைவிடப் பயனுள்ளது.

அடுத்து, புதிதாக ஒருவர் அணிக்கு வருகிறார், 40 செ.மீ. குதிக்கிறார். ஓட்ட நேரம் என்னவாக இருக்கும்? கோடு சொல்வது 4.33 நொடி. தனி ஒருவருக்கான 95% கணிப்பு இடைவெளியைப் போட்டால் 4.08 முதல் 4.58 வரை வருகிறது. அதாவது அரை நொடி அகலம். நம் பத்துப் பேரில் வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் உள்ள மொத்த வித்தியாசமே 0.42 நொடிதான்! ஆர் மதிப்பு −0.75, பி மதிப்பு 0.013, நட்சத்திரமும் கிடைத்துவிட்டது; ஆனாலும் "அவர் இந்த அணியில் எங்கேயோ ஒரு இடத்தில் இருப்பார்" என்பதற்கு மேல் கோட்டால் சொல்ல முடியவில்லை. ஸ்டாப்வாட்சை எடுத்து ஓடவிட்டுப் பார்ப்பதே மேல்.

கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்த, வேகத்தைக் கூட்டிக்கொண்டே விட்டு விட்டு ஓடித் திரும்பும் யோ-யோ சோதனையிலும் இந்தப் பிரச்சினை உண்டு. 2017 வாக்கில் இந்திய அணித் தேர்வுக்கு 16.1 என்ற அளவு பேசப்பட்டது. யோ-யோ முதல் நிலைச் சோதனையில் 16.1 என்றால் 1,120 மீட்டர் ஓடியிருக்கிறார் என்று பொருள். டென்மார்க்கின் யென்ஸ் பங்ஸ்போவும் சகாக்களும் 2008-இல் தந்த சமன்பாட்டின்படி தூரத்தை 0.0084-ஆல் பெருக்கி 36.4 கூட்டினால் அதிகபட்ச ஆக்ஸிஜன் உள்ளெடுப்பு கிடைக்கும்: 1,120-க்கு 45.8 மி.லி., ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்தில். ஆனால் அந்தச் சமன்பாட்டுக்குப் பின்னால் இருந்த ஆர் மதிப்பு 0.70. வர்க்கப்படுத்தினால் 0.49. ஆக்ஸிஜன் உள்ளெடுப்பில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் பாதியைத்தான் தூரம் விளக்குகிறது. யோ-யோ அளப்பது வேறு ஒன்றை, விட்டு விட்டு ஓடி மீளும் திறனை. அதை அப்படியே மதிப்பிடுவது நியாயம். சமன்பாட்டில் போட்டு ஒரு தனி வீரருக்கு 45.8 என்று சான்றிதழ் கொடுப்பதை ஏற்க முடியாது.

படி 6: யாரை அளந்தீர்கள் என்று கேளுங்கள்

கோரிலேஷனின் பெரிய பலவீனம், அது தொடர்பை மட்டுமல்லாமல் உங்கள் குழுவின் பரவலையும் சேர்த்தே அளக்கிறது. சொல்வதைவிடச் செய்து பார்ப்பது எளிது. நம் பத்துப் பேரில் 34 முதல் 40 செ.மீ. வரை குதித்த ஆறு பேரை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாக் கணக்கையும் மறுபடி போடுங்கள்.

ஆர் மதிப்பு −0.75-இலிருந்து −0.47-க்கு இறங்கிவிடும். நட்சத்திரம் போய்விடும். சாய்வு? −0.024 இருந்தது, இப்போது −0.023. மதிப்பீட்டின் திட்டப் பிழை 0.10 இருந்தது, இப்போது 0.11. குதிப்புக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவு அப்படியேதான் இருக்கிறது. ஓரங்களில் நின்ற நான்கு பேரை எடுத்துவிட்டோம், அதற்கே ஆர் விழுந்துவிட்டது.

துறையின் பழைய ஆய்வுகள் இரண்டை எதிரெதிரே வைத்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். கென்னத் கூப்பர் 1968-இல் அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த 115 ஆண்களை 12 நிமிடம் ஓடவிட்டு, தூரத்துக்கும் அதிகபட்ச ஆக்ஸிஜன் உள்ளெடுப்புக்கும் 0.897 என்ற கோரிலேஷனைக் காட்டினார். இன்றும் பள்ளி மைதானங்களில் ஓடும் கூப்பர் டெஸ்ட் அதுதான். மீட்டரில் தூரத்தை எடுத்து 504.9 கழித்து 44.73-ஆல் வகுக்க வேண்டும். 2,400 மீட்டர் ஓடியவருக்கு 42.4 வரும். 1980-இல் கான்லியும் கிராஹன்பூலும் நன்கு பயிற்சி பெற்ற 12 நெடுந்தூர ஓட்டக்காரர்களை அளந்தபோது, அதே ஆக்ஸிஜன் உள்ளெடுப்புக்கும் 10 கிலோமீட்டர் நேரத்துக்கும் கிடைத்த கோரிலேஷன் வெறும் −0.12. ஓட்டச் சிக்கனம், அதாவது குறிப்பிட்ட வேகத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகிறது என்பது மட்டும் 0.8-ஐ ஒட்டி வந்தது.

இதைப் படித்துவிட்டு "ஆக்ஸிஜன் உள்ளெடுப்பு முக்கியமில்லை" என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்த 12 பேருக்கும் அது ஏற்கெனவே மிக உயர்ந்து, ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது, அதனால்தான் அவர்களுக்குள் அது பேதம் காட்டவில்லை. 45 உள்ள ஒருவரைக் கொண்டுவந்து அந்தக் கூட்டத்தில் ஓடவிட்டிருந்தால் கதை வேறு. ஆகவே இரண்டு ஆய்வுகளின் ஆர் மதிப்புகளை ஒப்பிடும்போது பக்கத்தில் திட்ட விலக்கங்களையும் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

சாய்வும் எப்போதும் தப்பித்துவிடாது. கிடை அச்சில் உள்ள மாறியை வைத்து ஆட்களை வெட்டினால்தான் சாய்வு நிலைக்கும். ஓட்ட நேரத்தை வைத்து, "4.40-க்குள் ஓடியவர்கள் மட்டும்" என்று தேர்ந்தெடுத்தால் சாய்வும் படுத்துவிடும். தேர்வு முகாமில் தேறியவர்களை மட்டும் அளக்கிற ஆய்வுகளில் இந்தச் சிக்கல் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

படி 7: எது எந்த அச்சில் என்று முடிவு செய்யுங்கள்

கோரிலேஷனில் மாறிகளை இடம் மாற்றினாலும் −0.75 தான். ரெக்ரஷனில் அப்படி இல்லை. நேரத்தை வைத்துக் குதிப்பைக் கணிக்கப் போனால் சாய்வு −23.2 செ.மீ., ஒரு நொடிக்கு. முதல் கோட்டைத் திருப்பிப் போட்டால் −41.7 வர வேண்டும், வரவில்லை. இரண்டு சாய்வுகளையும் பெருக்கினால் 0.557, அதாவது ஆர் ஸ்கொயர், கிடைக்கும். ஒரு கோட்டை எழுதிவிட்டு அதையே இயற்கணிதத்தால் திருப்பி இன்னொன்றைக் கணிப்பது தவறு. கணிக்க வேண்டியது செங்குத்து அச்சில், கையில் இருப்பது கிடை அச்சில். அதை மாற்ற வேண்டுமானால் ரெக்ரஷனை முதலிலிருந்து மறுபடி ஓட்டுங்கள்.

கிடை அச்சில் உள்ள அளவீட்டில் பிழை அதிகமிருந்தால் சாய்வு பூச்சியத்தை நோக்கிச் சாயும் என்பதும் நினைவிருக்கட்டும். குதிப்பை ஒரே ஒரு முயற்சியில் அளக்காமல் மூன்றின் சராசரியை எடுப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

கூடவே ஓர் எச்சரிக்கை: நம் சாய்வு வேறு வேறு வீரர்களை ஒப்பிட்டுக் கிடைத்தது. ஒரே வீரர் பயிற்சி எடுத்துக் குதிப்பை 5 செ.மீ. ஏற்றினால் அவருடைய நேரம் 0.12 நொடி குறையும் என்று அது சொல்லவில்லை. அதைச் சொல்ல, பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்த தரவு வேண்டும், முடிந்தால் பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழுவும்.

படி 8: "ஒத்துப்போகிறதா" என்ற கேள்வியை இரண்டிலிருந்தும் விலக்கி வையுங்கள்

கைக் கடிகாரத்தில் எடுத்த 100 மீட்டர் நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 நொடி கூட்டுவது தடகளத்தில் பழைய வழக்கம். துப்பாக்கி வெடிப்பதற்கு நேரம் பார்ப்பவரின் விரல் தாமதமாக எதிர்வினை செய்வதுதான் காரணம். எட்டுப் பேரின் கை நேரத்தையும் மின்னணு நேரத்தையும் கோரிலேட் செய்தால் 0.98, 0.99 என்று வரலாம். ஆனால் எல்லா எண்ணும் கால் நொடி தள்ளி நிற்கும். கோரிலேஷன் அதைக் கண்டுகொள்ளாது. எல்லா நேரத்தையும் இரண்டால் பெருக்கினாலும் கண்டுகொள்ளாது.

இதற்கு மார்ட்டின் பிளாண்டும் டக்ளஸ் ஆல்ட்மனும் 1986-இல் லான்செட் இதழில் பிரபலப்படுத்திய முறை இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு கருவிகளின் வித்தியாசத்தை எடுங்கள். வித்தியாசங்களின் சராசரி, கருவியின் நிரந்தரச் சாய்மானத்தைக் காட்டும். அந்தச் சராசரிக்கு இருபுறமும் திட்ட விலக்கத்தின் 1.96 மடங்கு போனால் ஒப்புமை எல்லைகள். அந்த எல்லை உங்கள் வேலைக்குத் தாங்குமா என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள்தான், மென்பொருள் கிடையாது.

படி 9: நம் துறைக்கே உரிய பொறிகளைத் தாண்டுங்கள்

இதில் அதிகம் பேர் விழுவது ஒரே வீரரைப் பல நாள் அளந்த தரவில்தான். 12 கால்பந்து வீரர்கள், 25 பயிற்சி நாட்கள், ஒவ்வொரு நாளும் ஓடிய தூரமும் அவர்கள் சொன்ன சிரம மதிப்பெண்ணும். எக்செல்லில் 300 வரிசை. 300 தனித்தனி ஆட்கள் என்று நினைத்துக் கோரிலேஷன் போட்டால் 0.12 வந்தாலே நட்சத்திரம் விழும். 12 பேருக்கு நட்சத்திரம் விழ 0.58 வேண்டும். அது மட்டுமல்ல, "அதிகம் ஓடுகிற வீரர்" என்பதும் "ஒரு வீரர் அதிகம் ஓடிய நாள்" என்பதும் இரண்டு தனிக் கேள்விகள், ஒரே கட்டில் சேர்த்துவிட்டால் எதற்குப் பதில் கிடைத்தது என்றே தெரியாது. ஒரே ஆளுக்குள் நடப்பதைப் பார்க்க, பிளாண்டும் ஆல்ட்மனும் 1995-இல் விளக்கிய ஆளுக்குள் கோரிலேஷன் இருக்கிறது. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் அதற்கென்றே தனிப் பொதியும் உண்டு. வசதியிருந்தால் மிக்ஸ்டு மாடல் போடுங்கள். அது ரெக்ரஷனின் நீட்சிதான், ஒவ்வொரு வீரருக்கும் தனித் தொடக்கப் புள்ளி கொடுக்கிறது.

இரண்டாவது பொறி, இரண்டு மாறிகளிலும் ஒரே எண் ஒளிந்திருப்பது. இந்த வாரப் பயிற்சிச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுக்கும் விகிதம் சில காலம் காயத் தடுப்பில் கொடிகட்டிப் பறந்தது. அந்த நான்கு வாரத்தில் இந்த வாரமும் அடக்கம். எக்செல்லில் சம்பந்தமில்லாத எண்களை நான்கு பத்தியில் நிரப்பி, கடைசிப் பத்தியையும் நான்கின் சராசரியையும் கோரிலேட் செய்து பாருங்கள்: 0.5 வந்து நிற்கும். உடலியல் ஒன்றும் அதில் இல்லை. தொடக்க அளவையும் "முன்னேற்றத்தையும்" கோரிலேட் செய்வதும் இதே வகைதான். முன், பின் அளவுகளுக்குள் தொடர்பே இல்லாமல் சிதறல் மட்டும் சமமாக இருந்தால்கூட −0.71 வரும். "பலவீனமாக இருந்தவர்களே அதிகம் முன்னேறினார்கள்" என்ற முடிவுகளில் எத்தனை இப்படி வந்தவையோ! பின் அளவைச் செங்குத்து அச்சிலும் முன் அளவைக் கிடை அச்சிலும் வைத்து, குழுவையும் சேர்த்து ரெக்ரஷன் போடுவதே சரியான வழி.

மூன்றாவது, குழுச் சராசரிகளின் மேல் போட்ட கோட்டைத் தனி ஆளுக்குப் பயன்படுத்துவது. அதிகபட்ச இதயத் துடிப்புக்கு 220-இலிருந்து வயதைக் கழிக்கிற பழைய சூத்திரத்துக்கு மாற்றாக, தனகாவும் சகாக்களும் 2001-இல் 351 ஆய்வுகளைத் தொகுத்து, 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் சமன்பாட்டைத் தந்தார்கள். 40 வயதில் இரண்டும் 180 என்றே சொல்லும். 20 வயதில் புதியது 194, பழையது 200. தொகுப்பில் கிடைத்த ஆர் மதிப்பு −0.90. ஆனால் அந்தக் கணக்கில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழுவின் சராசரி. தனி ஆட்களின் சிதறல் சராசரிக்குள் அமுங்கிவிட்டது. தனி மனிதருக்குத் திட்ட விலக்கம் சுமார் 10 துடிப்பு இருக்கிறது. 40 வயதுக்காரர் ஒருவருக்கு 165-உம் இயல்பு, 195-உம் இயல்பு. அந்த 180-இன் 85 சதவீதத்தில் ஓடச் சொல்லி அட்டவணை போட்டுக் கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வயது, எடை, வளர்ச்சி நிலை போன்றவை இரண்டு பக்கமும் இழுக்கும்போது அவற்றையும் பன்முக ரெக்ரஷனில், அதாவது பல மாறிகளை ஒன்றாக வைத்துக் கணிக்கும் ரெக்ரஷனில் சேருங்கள். கோரிலேஷன் அட்டவணையில் 15 மாறிகளைப் போட்டு, நட்சத்திரம் விழுந்ததை மட்டும் பொறுக்கி எடுத்து ரெக்ரஷனில் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். 15 மாறிகள் என்றால் 105 ஜோடிகள். எதிலும் தொடர்பில்லாவிட்டாலும் ஐந்தாறு நட்சத்திரம் எப்படியும் விழும்.

படி 10: எழுதும் விதம்

மென்பொருள் எதுவானாலும் சரி. ஜமோவியும் ஜாஸ்ப்பும் இலவசம், எக்செல்லிலேயே சாய்வும் திட்டப் பிழையும் கிடைக்கும். எழுதும்போது நம் தரவை இப்படிச் சொல்லலாம்:

"பத்து வீரர்களில் குதிப்பு உயரம் 1 செ.மீ. கூடும்போது 30 மீட்டர் நேரம் சராசரியாக 0.024 நொடி குறைந்தது (95% நம்பிக்கை இடைவெளி 0.007 முதல் 0.041 வரை; ஆர் = −0.75, இடைவெளி −0.94 முதல் −0.22 வரை; பி = 0.013). மதிப்பீட்டின் திட்டப் பிழை 0.10 நொடி. குதிப்பு 30 முதல் 44 செ.மீ. வரை இருந்தது."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். 55 செ.மீ. குதிக்கும் ஒருவரை இந்தக் கோட்டில் வைக்கக்கூடாது என்று படிப்பவருக்கு அதுதான் சொல்கிறது.

உங்கள் ஆய்வு வழிகாட்டி "இரண்டு அட்டவணையும் வேண்டும், பழக்கம் அப்படி" என்று சொன்னால் சண்டை போட வேண்டாம். ஒரே அட்டவணையில் ஆர் மதிப்பு, அதன் இடைவெளி, சாய்வு, அதன் இடைவெளி, திட்டப் பிழை என்று பத்திகள் வைத்து, பி மதிப்புக்கு மட்டும் ஒரே பத்தி கொடுங்கள். இரண்டுக்கும் ஏன் ஒரே பி மதிப்பு என்று அவர் கேட்டால், படி 4-இன் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டிவிடுங்கள்.